கூதிர்ப் பருவம்: ஈரத்தை வெளியே நிறுத்துங்கள்

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த நம் முன்னோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றார்கள். வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து வரும் காலம் அது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொல்லிமலை மேட்டு ஊர்களில் காலை மஞ்சு விலகாமல் பொழுது ஏறும் நாட்கள் வரும். அதே வாரங்களில்தான் சாமை கதிர் முற்றி நிற்கும், காபிப் பழம் சிவக்கத் தொடங்கும், அவரை பூவெடுக்கும். மழையும் அறுவடையும் ஒன்றாக வந்து கதவைத் தட்டும் பருவம் இது.

இந்த இரண்டு மாதங்களில் பண்ணைக்கு வரும் சேதத்தில் பெரும்பங்கு குளிரால் வருவதில்லை, தேங்கிய ஈரத்தால் வருகிறது. குளம்பு அழுகுவதும், கோழிக்குஞ்சு இரத்தமாகக் கழிவதும், மிளகுக்கொடி திடீரென வாடுவதும், தவிட்டில் பூஞ்சணம் பிடிப்பதும், விதை முளைக்காமல் போவதும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகின்றன. எனவே இந்த அத்தியாயத்தின் வேலைகள் அனைத்தையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: தரை, தீவனம், விதை மூன்றையும் உலர்வாக வைத்திருங்கள்.

ஒன்றரை ஏக்கர் சரிவு நிலம், இரண்டு மாடு, ஆறு வெள்ளாடு, பதினைந்து நாட்டுக்கோழி, பத்து சென்ட் காய்கறித் தோட்டம், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, அதன் நிழலில் காபி, அரை ஏக்கர் சாமை என்று ஒரு பண்ணையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்களுடையது சிறியதோ பெரியதோ, வேலைகளின் வரிசை மாறாது.

1. முதல் வேலை: மழையில் ஒரு நடை

மழை நின்ற பிறகு நிலத்தைப் பார்த்தால் தண்ணீர் போன தடம் மட்டும்தான் தெரியும். பெய்யும்போது நடந்தால் அது எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரியும். ஐப்பசியின் முதல் நல்ல மழையில் இதைச் செய்யுங்கள். இடி இல்லாத மழையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. குடையும் மண்வெட்டியும் பத்துக் குச்சிகளும் எடுத்துக்கொண்டு நிலத்தின் உச்சியிலிருந்து கீழே இறங்குங்கள்.
2. தண்ணீர் தேங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குச்சி நடுங்கள்.
3. கொட்டகையின் மேட்டுப்பக்கச் சுவரை ஒட்டித் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். சரிவு நிலத்தில் கொட்டகைக்குள் ஈரம் பெரும்பாலும் இந்தப் பக்கமிருந்துதான் நுழையும்.
4. கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஒழுகும் இடத்தைக் கரியால் குறித்து வையுங்கள்.
5. வெயில் வந்த முதல் நாளே குச்சி நட்ட இடங்களையும் கரிக்குறிகளையும் சரிசெய்யுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த மழை முந்திக்கொள்ளும்.

நீரைத் திருப்பும் முறை

கொட்டகையின் மேட்டுப்பக்கம் மூன்றடி தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் பிறை வடிவ வாய்க்கால் எடுங்கள். அதன் இரு முனைகளும் கொட்டகையைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்டகைப் பக்கம் கரையாகப் போட்டு மிதித்து இறுக்குங்கள். வாய்க்காலின் கடைசி முனையில் கற்களைப் பரப்பிவிட்டால் வேகமாக வரும் தண்ணீர் அங்கே மண்ணை அரிக்காது.

*பொதுவான தவறு:* வாய்க்காலைச் சரிவுக்கு நேராகக் கீழ்நோக்கி வெட்டுவது. ஒரே பருவத்தில் அது ஓடையாகி மேல்மண்ணை இழுத்துக்கொண்டு போகும். எப்போதும் சரிவுக்குக் குறுக்காக, லேசான சாய்வில் வெட்டுங்கள். கல்வரப்பு சரிந்திருந்தால் கீழ்வரிசைக் கல்லிலிருந்து எடுத்துக் கட்டுங்கள். மேல்கல்லை மட்டும் தூக்கி வைத்தால் அடுத்த அடைமழையில் மொத்தமும் சரியும்.

2. மாட்டுக் கொட்டகையும் ஆட்டுப் பட்டியும்

ஆடுகளுக்குப் பரண்

வெள்ளாடு மழையில் நிற்க விரும்பாது, ஈரத்தில் படுக்கவும் கூடாது. இந்தப் பருவத்தில் மண்தரைப் பட்டியைவிடப் பரண் சிறந்தது.

1. தரையிலிருந்து மூன்றரை முதல் நான்கடி உயரத்தில் மரச்சட்டங்களால் பரண் அமையுங்கள்.
2. சட்டங்களுக்கு இடையே அரை அங்குல இடைவெளி விடுங்கள். புழுக்கை கீழே விழ அது போதும். அதற்கு மேல் போனால் குட்டியின் கால் மாட்டும்.
3. வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பத்துச் சதுர அடி வீதம் ஒதுக்குங்கள். சினை ஆட்டுக்கும் குட்டி போட்ட ஆட்டுக்கும் தடுப்பு வைத்துத் தனி இடம் கொடுங்கள்.
4. வாடைக்காற்று வரும் பக்கத்தை இரவில் சாக்கால் மறையுங்கள். கூரையை ஒட்டி ஓரடி திறந்தே இருக்கட்டும்.
5. பரணுக்குக் கீழே விழும் புழுக்கையை வாரம் ஒருமுறை அள்ளி எருக்குழியில் சேருங்கள்.

*பொதுவான தவறு:* குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் இறுக மூடுவது. மூச்சுக்காற்றின் ஈரமும் சிறுநீரின் நெடியும் உள்ளேயே நின்றுவிடும். சில நாட்களில் மூக்கொழுகலும் இருமலும் தொடங்கும். காலையில் பட்டிக்குள் நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால், ஆடுகள் இரவு முழுக்க அந்த நெடியைச் சுவாசித்திருக்கின்றன என்று பொருள்.

மாடுகளுக்கு உலர்ந்த தரை

தரை பின்பக்கமாகச் சாய்ந்து சிறுநீர் வடிகாலுக்குப் போக வேண்டும். சாணத்தை நாளுக்கு இரண்டு முறை அள்ளுங்கள். கழுவிய தரை உலராத நாளில் கழுவாமல் வழித்தெடுத்து, சாம்பலோ நீற்றுச் சுண்ணாம்போ தூவிப் பெருக்குங்கள். மடி நனைந்து கிடக்கும் மாட்டுக்கு மடிநோய் எளிதில் வரும். கறந்தவுடன் மாடு படுக்காமலிருக்க, கறவை முடிந்ததும் தீவனத்தை முன்னால் வையுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும்.

குளம்பைப் பாருங்கள்

வாரம் ஒருமுறை ஒவ்வோர் ஆட்டின் காலையும் தூக்கிக் குளம்பின் நடுவே பாருங்கள். நாற்றமும் வெண்மையான அழுகலும் இருந்தால் கழுவித் துடைத்து, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தைப் பூசி, இரண்டு மூன்று நாட்கள் உலர்ந்த இடத்தில் கட்டுங்கள். வளர்ந்து மடங்கிய குளம்பைப் பருவம் தொடங்கும் முன்பே வெட்டிவிட வேண்டும், சேறு தங்குவது அந்த மடிப்பில்தான். வாயிலும் குளம்பிலும் ஒரே நேரத்தில் புண், கூடவே காய்ச்சலும் எச்சில் ஒழுகலும் என்றால் அது கோமாரியாக இருக்கலாம். உடனே அந்த விலங்கைத் தனியே பிரித்து மருத்துவரை அழையுங்கள்.

3. தீவனம்: ஈரப்புல்லிலும் மரவள்ளியிலும் எச்சரிக்கை

ஐப்பசியில் மலை முழுக்கப் பச்சை. அதனாலேயே தீவனக் கவனம் குறைந்துவிடுகிறது. மழையில் கொழுத்த இளம்புல்லில் தண்ணீர் அதிகம், நார் குறைவு. பசித்த வயிற்றில் அதை நிறையத் தின்றால் வயிறு உப்பும்.

1. மேய்ச்சலுக்கு விடும் முன் ஒவ்வோர் ஆட்டுக்கும் ஒரு பிடி, மாட்டுக்கு ஒரு கட்டு உலர்தீவனம் கொடுங்கள். கேழ்வரகுத் தாள், சாமைத் தாள், வைக்கோல் எதுவும் சரி.
2. பனி ஆறிய பிறகே பட்டியைத் திறவுங்கள். குடற்புழுக் குஞ்சுகள் ஈரப்புல்லின் நுனியில் ஏறி நிற்கும். வெயில் பட்டதும் கீழே இறங்கிவிடும்.
3. நெல் விளையும் தாழ்ந்த பள்ளங்களில், நத்தை தென்படும் சதுப்பில் மேய்க்காதீர்கள். ஈரல் தட்டைப்புழு அங்கிருந்து வருகிறது.
4. அறுத்து வந்த பசுந்தீவனம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் பரப்பி இரண்டு மணி நேரம் வாடவிட்டுப் போடுங்கள்.
5. அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா போன்ற தழைகள் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும்.

மரவள்ளி

கொல்லிமலையில் மரவள்ளி இல்லாத சரிவு குறைவு. அதன் இலையிலும் கிழங்குத் தோலிலும் சயனைடு நச்சு உண்டு. மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடு வேலி தாண்டி ஒரு வாய் நிறையத் தின்றாலும் ஆபத்து. மூச்சிரைப்பு, தள்ளாட்டம், நுரை, துடிப்பு எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். அப்போது வீட்டு வைத்தியம் பார்த்து நேரத்தை இழக்காதீர்கள். இதற்கு ஊசி மருந்து உண்டு, அது மருத்துவர் கையில்தான் இருக்கிறது. அந்த மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று உங்கள் கால்நடை மருந்தகத்தில் பருவத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். வெட்டிய மரவள்ளித் தழையைக் கொட்டகைக்கு எதிரில் குவிக்காதீர்கள். இளஞ்சோளப் பயிரிலும் இதே நச்சு உண்டு.

சேமிப்பு

தவிடு, புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றை மூட்டையோடு தரையில் வைக்காதீர்கள். கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கட்டி பிடித்த, பச்சையாகவோ கருப்பாகவோ பூத்த தீவனத்தை வெயிலில் காயவைத்துக் கொடுப்பது பெரிய தவறு. பூஞ்சணம் காய்ந்துவிடும், அதன் நச்சு அப்படியே இருக்கும். கோழி அதனால் சாகும், மாட்டின் பாலிலும் அது இறங்கும். எருக்குழிக்குத்தான் அனுப்ப வேண்டும்.

தீபாவளி நாளில்

இரண்டு செய்திகளை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மிஞ்சிய சோறும் பலகாரமும் ஆடுமாட்டுக்கு அன்பளிப்பு ஆகாது. ஒரேயடியாக நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி விலங்கு படுத்துவிடும். வெடி வெடிக்கும் நேரத்தில் சினை ஆடுகளைப் பட்டிக்குள் அடையுங்கள். கார்த்திகைத் தீபத்தன்று அகல்விளக்கு வைக்கோல் போருக்கும் தட்டுப் படப்புக்கும் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தடுப்பூசியும் புழு நீக்கமும்

இந்த வேலையின் சரியான காலம் மழைக்கு முன், அதாவது புரட்டாசி முடிவதற்குள். விட்டுப்போயிருந்தால் இந்த வாரமே மருந்தகத்துக்குப் போங்கள்.

- கோமாரி (மாடு): ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அரசு முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள்.
- தொண்டை அடைப்பான் (மாடு): ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்.
- துள்ளுமாரி (வெள்ளாடு, செம்மறி): ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம்புல்லை வயிறு முட்டத் தின்ற ஆட்டை இந்த நோய் தாக்கும். நன்றாக இருந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கும்.
- ஆட்டுக்கொல்லி: மூன்று மாத வயதுக்கு மேல் ஒருமுறை, பிறகு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

புழு நீக்கும் வரிசை

1. மூன்று நான்கு ஆடுகளின் புதுப் புழுக்கையைத் தனித்தனியே சிறு டப்பாவில் எடுத்து மருந்தகத்தில் கொடுங்கள். எந்தப் புழு என்று தெரிந்தால் மருந்து வீணாகாது.
2. ஆட்டை எடை போடுங்கள். கண்மதிப்பில் குறைவாக ஊற்றினால் புழு சாகாமல் மருந்துக்குப் பழகிவிடும்.
3. சினை ஆடு எது என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். பரவலாகக் கிடைக்கும் சில புழுமருந்துகளைச் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் கருவுக்குத் தீங்கு.
4. மருந்தை ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். வாய் முதுகுக்கு நேராக இருந்தால் போதும். உயரத் தூக்கினால் மருந்து நுரையீரலுக்குள் போகும்.
5. ஒரு வாரம் கழித்துத் தடுப்பூசி போடுங்கள். காய்ச்சல் இருக்கும் விலங்குக்குப் போடாதீர்கள்.

*குறிப்பு:* மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் ஆடு களைத்துத்தான் வரும். சந்தையில் வாங்கிய ஆட்டை அன்றே மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். முதல் நாள் தண்ணீரும் உலர்தீவனமும் போதும். புதிதாக வாங்குவதென்றால் சேலம் கருப்பு வெள்ளாட்டை எண்ணிப் பாருங்கள். நாமக்கல், சேலம், தருமபுரி வட்டாரத்தின் சொந்த இனம் அது.

5. கோழிகள்

நாட்டுக்கோழிக்கு மழையைவிட நனைந்த கூளமே பகை. கூளம் ஈரமானால் இரத்தக்கழிச்சல் கிருமி பெருகும்.

1. கூண்டுத் தரையில் இரண்டு மூன்று அங்குலம் உமியோ கடலைத்தோலோ பரப்புங்கள். நாள்தோறும் கிளறிவிடுங்கள்.
2. கூளத்தை ஒரு கைப்பிடி இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உதிர்ந்தால் நலம். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. அந்தப் பகுதியை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள்.
3. தண்ணீர்த் தட்டைக் கல்லின்மேல் வையுங்கள். கூளம் நனைவது பாதி இதனால்தான்.
4. ஏறி அமர இரண்டடி உயரத்தில் உருட்டுக்கழி கட்டுங்கள்.

குஞ்சுகளுக்குச் சூடு

ஐப்பசியில் பொரித்த குஞ்சைத் தாய்க்கோழியோடு பஞ்சாரத்தில் விடுவதானால் பஞ்சாரத்துக்குக் கீழே உலர்ந்த சாக்கு விரியுங்கள். தாயில்லாமல் வளர்ப்பதானால் குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு தேவை. முப்பது குஞ்சுக்கு ஒரு 60 வாட் பல்பு. முதல் வாரம் 95 பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 பாகை குறைத்துக்கொண்டே வாருங்கள். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சுகளே சொல்லும். பல்புக்கடியில் நெருக்கிக் குவிந்தால் குளிர், விளிம்புக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு, பரவலாக மேய்ந்தால் சரி.

*பாதுகாப்பு:* பல்பைக் கூளத்துக்கு ஒன்றரை அடிக்குக் கீழே இறக்காதீர்கள். கம்பியில் ஒட்டுப்போட்ட இடம் எதுவும் கூண்டுக்குள் இருக்கக் கூடாது. ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள். மின்சாரம் போன இரவில் கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்து அங்கேயே படுப்பது உயிரைப் பறிக்கும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்து பனிக்கட்டிக் குடுவையை விட்டு வெளியே இருக்கக் கூடாது. மலையேறி வரும் வழியில் சூடேறிய மருந்து வெறும் தண்ணீர்தான்.

6. காய்கறித் தோட்டம்

பாத்தி

சமபாத்தி இந்தப் பருவத்துக்கு ஆகாது. மூன்றடி அகலம், ஓரடி உயரம், சரிவுக்குக் குறுக்காக நீளும் மேட்டுப்பாத்தி போடுங்கள். இரண்டு பாத்திக்கு நடுவே ஓரடி வடிகால். பாத்தி மேல் உலர்ந்த இலைச் சருகை இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் மழைத்துளி மண்ணைத் தெறிக்கவிடாது. தக்காளியில் இலைநோய் தெறித்த மண்ணோடு ஏறுவது இதனால் குறையும்.

எதை, எப்போது

- ஐப்பசி முதல் பாதி: முள்ளங்கி (சுமார் 45 நாளில் பறிக்கலாம்), கொத்தமல்லி விதைத்தல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்று விடுதல்.
- ஐப்பசி இரண்டாம் பாதி: மழை விட்ட இடைவெளியில் குத்துச்செடி பீன்ஸ்.
- கார்த்திகை: 25, 30 நாள் நாற்றுகளை நடுதல், கீரை விதைத்தல், பூத்த அவரைக்குப் பந்தல் கட்டி உயர்த்துதல்.

நாற்று அழுகாமல் காக்க

1. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து நிழலில் உலர்த்துங்கள்.
2. குழித்தட்டில் மக்கிய எருவும் தென்னைநார்க் கழிவும் சமமாக நிரப்பி, குழிக்கு ஒரு விதை வையுங்கள்.
3. தட்டை மழை படாத, வெளிச்சம் படும் கூரைக்கடியில் வையுங்கள்.
4. காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மேல்மண் ஈரமாக இருந்தால் அன்று தெளிக்காதீர்கள்.

நத்தைக்கு விஷம் வேண்டாம். மாலையில் நனைத்த சாக்கை முட்டைக்கோஸ் இலையோடு பாத்தியோரம் போடுங்கள். விடியற்காலையில் அடியில் கூடியிருப்பவற்றைக் கையுறையோடு பொறுக்கி உப்புநீரில் போடுங்கள்.

எருக்குழிக்கு ஒரு கூரை

பலர் கொட்டகைக்குக் கூரை போட்டுவிட்டு எருக்குழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அடைமழையில் எருவின் சத்து கரைந்து ஓடைக்குப் போய்விடுகிறது. நான்கு கம்பு நட்டு ஒரு தார்ப்பாயோ தென்னங்கீற்றோ போடுங்கள், அது போதும். பச்சைச் சாணத்தையும் கோழி எச்சத்தையும் நேரடியாகப் பாத்தியில் இடாதீர்கள். வேர் கருகும், பச்சையாகத் தின்னும் கீரையில் கிருமி ஒட்டும்.

பஞ்சகவ்யா வைத்திருந்தால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து, வடிகட்டி, மழை இல்லாத மாலையில் தெளியுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். பறிக்கப்போகும் கீரைக்கு வேண்டாம்.

7. மிளகுக்கும் காபிக்கும்

மிளகின் திடீர் வாடல் மண்ணில் தேங்கிய நீரோடு வரும் பூஞ்சண நோய். கொடியடியில் குழி இருக்கக் கூடாது. மண்ணை மரத்தைச் சுற்றி லேசான மேடாக அணையுங்கள். மண்வெட்டியால் கொத்தாதீர்கள், வேர் வெட்டுப்பட்ட இடத்தில் நோய் நுழையும். தரையில் ஊர்ந்து கிடக்கும் ஓடுகொடிகளை எடுத்து மரத்தில் கட்டுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். நோய் கண்ட கொடியை வேரோடு எடுத்து எரியுங்கள்.

மிளகுக்கு ஒரு சதவீத போர்டோக் கலவை (பத்து லிட்டர்)

1. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். இரும்பு, தகரம் கூடாது.
2. 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறொரு வாளியில் சிறிது தண்ணீர் தெளித்து நீற்றி, 5 லிட்டராக்கி வடிகட்டுங்கள். நீறும்போது கொதிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள்.
3. சுண்ணாம்பு நீரைக் கலக்கிக்கொண்டே துத்தநீரை அதில் ஊற்றுங்கள். மாற்றி ஊற்றக் கூடாது.
4. துலக்கிய கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேருங்கள்.
5. அன்றே, மழையில்லாத நேரத்தில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள்.

கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். தெளித்த தோப்புக்குள் ஆட்டை விடாதீர்கள், செம்பு ஆட்டுக்கு நஞ்சு. டிரைக்கோடெர்மா இட்ட மண்ணுக்கும் போர்டோவுக்கும் குறைந்தது 15 நாள் இடைவெளி கொடுங்கள். போர்டோ டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும்.

காபியில் சிவந்த பழத்தை மட்டும் பறியுங்கள். களத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் குவிக்காதீர்கள். பகலில் பலமுறை கிளறி, மாலை நாலரைக்கே கூட்டித் தார்ப்பாயால் மூடுங்கள். கைநிறைய எடுத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் ஓசை கேட்கும்வரை மூட்டை கட்டாதீர்கள்.

8. சாமை: அறுப்பும் விதையும்

இந்த அத்தியாயத்தில் உங்களிடம் நான் அதிகம் எதிர்பார்ப்பது இந்தப் பகுதியில்தான். மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, திருகுலாச்சாமை என்று கொல்லிமலை தனக்கென வைத்திருந்த ரகங்கள், மரவள்ளிக்கு நிலம் போகப் போகக் குறைந்தன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் தொடங்கி இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து விதை வங்கிகளையும் சிறு உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. விதையை வங்கி பாதுகாக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் அதை விதைத்துப் புதுப்பிப்பவர் உழவர்தான்.

1. அறுப்புக்கு ஒரு வாரம் முன் வயலுக்குள் நடந்து, நோயில்லாத, ஒரே சீராக முற்றிய, நல்ல மணிபிடித்த கதிர்களை நூல் கட்டிக் குறியுங்கள். இவை விதைக்கு.
2. கதிர் பழுப்பேறி, மணியைக் கடித்தால் மாவாகாமல் உடையும்போது அறுங்கள். மழைவிட்ட நாளில், பனி காய்ந்த பிறகு அரிவாளை எடுங்கள்.
3. குறியிட்ட கதிர்களை முதலில் அறுத்துத் தனியே கட்டுங்கள்.
4. மழை இடையில் வந்துவிட்டால் கட்டுகளைக் குவிக்காமல் கூரைக்குள் நிறுத்தி வையுங்கள். குவியல் சூடாகி மணி முளைத்துவிடும்.
5. மற்றதைக் களத்தில் அடித்துத் தூற்றி உலர்த்துங்கள். தாளைத் தனியே காயவைத்து மாட்டுக்குச் சேமியுங்கள்.
6. விதைக் கதிர்களைக் கையால் கசக்கி, முறத்தில் புடைத்து, இரண்டு மூன்று நாட்கள் காலை வெயிலில் மட்டும் காயவையுங்கள். உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் பரப்பினால் முளைப்புத்திறன் குறையும்.
7. ஆறிய பிறகு நிழலில் உலர்த்திய வேம்பு, நொச்சி இலையும் சலித்த சாம்பலும் கலந்து, உலர்ந்த பானையில் நிரப்பி, வாயைத் துணிகட்டி மண் பூசி அடுப்படிப் பரணில் வையுங்கள்.
8. பானையில் ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதுங்கள்.

விதைக்கும் முன் நூறு மணியை ஈரத்துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் எழுபத்தைந்துக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஐம்பதுக்குக் கீழே என்றால் வேறு விதை தேடுங்கள்.

9. உங்கள் உடம்பு

- கால்: வெறுங்காலோடு கொட்டகைச் சேற்றில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் காலிலுள்ள சிறு வெட்டு வழியாகவும் வரும். முழங்கால் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள்.
- புதர்: உண்ணிக்காய்ச்சல் குளிர்மாதங்களில் வருகிறது. புல் அறுத்து வந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். காய்ச்சலோடு உடம்பில் சிறு கருநிறப் பொருக்கு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.
- இடி: இடி கேட்டதும் மண்வெட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். தனிமரத்தடியும் களத்துமேடும் ஆபத்து.
- பாம்பு: விறகு, தட்டு, சாக்கு எதையும் கோலால் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.
- மரம்: நனைந்த சில்வர் ஓக்கில் ஏறிக் கிளை கழிக்காதீர்கள்.
- கருச்சிதைவு: ஆடோ மாடோ குறைப்பிரசவம் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையோடு எடுத்துச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதையுங்கள்.

கால்நடை அவசரத்துக்கு 1962, பயிர் ஐயங்களுக்கு உழவர் அழைப்பு மையம் 1800-180-1551. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையம் உங்கள் மாவட்டத்துக்கானது. இந்த எண்களைக் கொட்டகைக் கதவின் உட்பக்கம் எழுதி வையுங்கள். மஞ்சு மூடிய இரவில் கைபேசியில் தேட நேரமிருக்காது.

10. ஒரு நாளின் வரிசை

1. காலை 6: சாணம் அள்ளுதல், கறவை. கோழிகளைத் திறந்துவிடும்போதே எண்ணுதல்.
2. 7: எல்லா விலங்குக்கும் உலர்தீவனம். எது தின்னாமல் நிற்கிறது என்று பாருங்கள். நோயின் முதல் அறிகுறி அதுதான்.
3. 7.30: நத்தைச் சாக்கு, நாற்றுத்தட்டு, பாத்தி வடிகால்.
4. 9.30 அல்லது 10: பனி ஆறியதும் மேய்ச்சல். களத்தில் காபியும் சாமையும் பரப்புதல்.
5. பகல்: அன்றைய பெரிய வேலை ஒன்று மட்டும். அறுப்போ, தெளிப்போ, பழுதுபார்ப்போ.
6. மாலை 4.30: களத்தை மூடுதல், ஆடுகளைப் பட்டியில் அடைத்தல், கறவை.
7. இரவு படுக்கும் முன்: விளக்கோடு ஒரு சுற்று. வாய்க்கால் அடைத்திருக்கிறதா, சாக்குத்திரை கட்டியிருக்கிறதா, பல்பு எரிகிறதா.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: மழை பெய்த நேரம், அன்று ஈரம் எங்கே நுழைந்தது. அடுத்த புரட்டாசியில் நீங்கள் எந்த இடத்தில் முதலில் மண்வெட்டியைப் போட வேண்டும் என்பதை அந்த நோட்டு சொல்லும்.

கார்த்திகை முடியும்போது உங்கள் பரணில் ஒரு பானை சாமை விதை, பெயர் எழுதி, ஈரம் படாமல் இருக்கட்டும். வேறெந்த வேலை விட்டுப்போனாலும் அடுத்த ஆண்டு பிடித்துக்கொள்ளலாம். விதை போனால் அந்த ரகத்தை விதைக்க முடியாது.